மொட்டை மாடி வெந்நீர்

பசுமலை
8-2-1981

அன்புள்ள தம்பி ஜெயசீலனுக்கு,

அக்கா கிருபாவதி எழுதிக்கொண்டது. கர்த்தருடைய தயவால் இங்கே நாட்கள் ஓடுகின்றன. நீயும் செல்வராணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று அச்சு முறுக்குக்கு மாவு இடித்து வைத்திருந்தேன். நீ வரவில்லை. வரவில்லை என்று ஒரு கார்டுகூட இல்லை. மதராஸில் தபால் பெட்டிகளை எடுத்துவிட்டார்களா?

உன் அத்தானுக்குச் சுகம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக மில்லில் பஞ்சு உடைக்கும் பகுதியில் நிற்கிறவர். இப்போது நாலு படி ஏறினால் இழுப்பு வந்துவிடுகிறது. மில் டாக்டரிடம் போனோம். "வேலை விட்டு வந்ததும் வெந்நீரில குளிச்சுத் தூசியைக் கழுவிரணும். வீட்டுக்குள்ள புகை கூடவே கூடாது" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. "விறகு இல்லாம வெந்நீர் எப்படி டாக்டர் வரும்? அதையும் சீட்டுல எழுதிக் குடுங்க" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

விறகுக் கடையில் ஈரப் புளிய விறகை எடை போட்டுக் கொடுக்கிறான். தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறான். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் நின்றால் எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது "தீந்துபோச்சு" என்கிறான். கரண்டில் சூடு பண்ணும் ராடு வாங்கினேன். சாயந்தரம் வோல்டேஜ் இல்லாமல் அது கிடந்து முனகுகிறது, மீட்டர் மட்டும் ஓடுகிறது. உன் அத்தான் உள்ளே இருமுகிறார், நான் பின்கட்டில் ஊதுகுழலோடு உட்கார்ந்து அவரை இரும வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் வெயிலில் கிடந்தது. மத்தியானம் ஒரு பிள்ளை கை கழுவ அதை எடுத்தாள். "டீச்சர், சுடுது" என்று கீழே போட்டுவிட்டாள். நான் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே வெந்நீர். அப்போதிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. நம் மதுரை வெயிலை ஆறு மாதம் திட்டிக்கொண்டே இருக்கிறோம். அதைக் கொஞ்சம் வேலை வாங்கினால் என்ன?

நீ எரிசக்தி சம்பந்தமான ஆபீஸில் இருக்கிறாய். பி.இ. படித்தவன். இதை எப்படிச் செய்வது என்று விவரமாக எழுது.

உன் அன்புள்ள அக்கா
கிருபாவதி

---

மதராஸ்
21-2-1981

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானின் உடல்நிலை அறிந்து வருத்தம். இங்கே ஆபீஸில் வேலை அதிகம், அதனால்தான் வர முடியவில்லை.

தாங்கள் கேட்ட விஷயத்தைப் படித்துவிட்டுச் செல்வராணியும் நானும் சிரித்தோம். தப்பாக நினைக்க வேண்டாம். சூரிய வெப்பத்தில் தண்ணீர் காய்ச்சுவது ரப்பர் குழாய் விவகாரம் அல்ல. அதற்குச் செம்புக் குழாய், விசேஷக் கண்ணாடி, பம்பு எல்லாம் வேண்டும். பெரிய ஆராய்ச்சிக் கூடங்களிலேயே இன்னும் பரிசோதனைதான் நடக்கிறது. தையல் டீச்சர் மொட்டை மாடியில் செய்கிற காரியமில்லை. வீணாகக் காசைக் கரைக்காதீர்கள். நல்ல கம்பெனி ராடாக ஒன்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. என் ஆபீஸ் பெயரைச் சொல்லி அங்கே யாரிடமும் இதைப் பேச வேண்டாம். நாளைக்கு எனக்குத்தான் கேலி.

அத்தானுக்கு என் அன்பு.

தங்கள் தம்பி
ஜெயசீலன்

---

பசுமலை
29-3-1981

தம்பி ஜெயசீலனுக்கு,

ஆசீர்வாதம். உங்கள் இருவருக்கும் சிரிப்பு மூட்டியதில் சந்தோஷம். இனி நடந்ததைக் கேள்.

உன் கடிதம் வந்த சனிக்கிழமையே செல்லூருக்கு பஸ் ஏறினேன். அங்கே விசைத்தறிக்குச் சாமான் செய்கிற பட்டறையில் சோணை என்று ஒரு வெல்டர் இருக்கிறார். அவர் பெண் எங்கள் பள்ளியில் படிக்கிறாள். நான் தாளில் வரைந்து காட்டியதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "டீச்சரக்கா, இது என்ன, ஜன்னல் கம்பியா?" என்றார். விளக்கிச் சொன்னதும், "வெயிலுக்கு ரேஷன் கார்டு இல்லல்ல. செஞ்சு பாத்துருவம்" என்றார்.

செம்பு இல்லை. தண்ணீர்க் குழாய் போடுகிற சாதாரண இரும்புப் பைப்புதான். நாலடி நீளத்தில் அரை அங்குலப் பைப்பு பன்னிரண்டு. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பெரிய பைப்பு. அவற்றுக்கு நடுவே இந்தப் பன்னிரண்டையும் நிறுத்தி ஒட்டவைத்தோம். இடைவெளிக்கு நான் அடிக்கோல் பிடிக்கவில்லை. சேலைக் கொசுவம் வைக்கிற மாதிரி, நாலு விரல் விட்டு ஒன்று, நாலு விரல் விட்டு ஒன்று. பின்னால் தகரம் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி, பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு அடித்து மிஞ்சிய கறுப்புப் பெயிண்டைப் பூசினேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு தட்டுப் பெட்டி, அடியில் உமி, மேலே ஜன்னல் கண்ணாடி. இந்தப் பலகையை எங்கள் மொட்டை மாடியில் தெற்கு பார்த்துச் சாய்த்து வைத்து, பக்கத்தில் தரையில் நூறு லிட்டர் எண்ணெய் டிரம்மைக் கழுவி வைத்தோம். பலகையின் கீழ்ப் பைப்பிலிருந்தும் மேல் பைப்பிலிருந்தும் டிரம்முக்கு ஒவ்வொரு இணைப்பு.

முதல் நாள் படுதோல்வி. பலகையைத் தொட்டால் கை வேகிறது, டிரம்மில் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். உன் சிரிப்பும் காதில் கேட்டது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் பால் காய்ச்சும்போது பார்த்துக்கொண்டே நின்றேன். சூடானது மேலேதானே ஏறி வருகிறது. டிரம் தரையில் இருந்தால் பலகையில் காய்ந்த தண்ணீர் எங்கே போகும்? மேலேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிரம் உயரத்தில் இருக்க வேண்டும். சோணையிடம் சொன்னேன். "பம்பு இல்லாம தண்ணி தானா மேல ஏறுமாக்கா? எங்கயாச்சும் உண்டா?" என்றார். "சூடாயிட்டா ஏறும் சோணை, ஏத்தித்தான் பாருங்களேன்" என்றேன்.

செங்கல் தூண் கட்டி, பலகையின் உச்சிக்கு ஒரு அடி மேலே டிரம்மின் அடி வருகிற மாதிரி ஏற்றினோம். சுற்றிலும் வைக்கோல், அதன் மேல் சாக்கு. மறுநாள் சாயந்தரம் நாலு மணிக்கு உன் அத்தான் குளியலறையில் குழாயைத் திறந்தார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. நான் பயந்து கதவைத் தட்டினேன். "கிருபா, பச்சத் தண்ணி ஒரு வாளி கொண்டா. ரொம்பச் சுடுது" என்றார்.

இதோடு முடியவில்லை. யாரோ புண்ணியவான் மொட்டை மாடியில் டிரம்மும் குழாயும் இருப்பதைப் பார்த்து, டீச்சர் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று போலீசுக்கு எழுதிப் போட்டுவிட்டான். வெள்ளைத்துரை என்று ஒரு ஏட்டு வந்தார். பைபிள் வகுப்பு எடுக்கிற வீடு இது. "ஏறிப் பாருங்க, மோந்தும் பாருங்க" என்றேன். அவர் டிரம்மைத் திறந்து விரலை விட்டார், உடனே எடுத்து உதறினார். "அடுப்ப எங்கம்மா வச்சிருக்கீக?" என்று தேடினார். வானத்தைக் காட்டினேன். மழை நாளிலும் மப்பு மூடிய நாளிலும் விறகுதான் என்பதையும் சொல்லிவிட்டேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது.

படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். மறுபடி சிரிப்பதற்கு முன்னால் பார்.

அக்கா
கிருபாவதி

---

மதராஸ்
14-4-1981

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் படத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். சிரித்ததற்கு மன்னிக்கவும். அத்தானுக்கு மூச்சு இப்போது பரவாயில்லையா?

இதைப் பற்றி நான் இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். எல்லா அளவுகளையும், எந்த எந்தச் சாமான் எங்கே கிடைத்தது என்பதையும், தாங்கள் செய்த தவறுகளையும்கூட ஒன்று விடாமல் எழுதுங்கள். என் ஆபீஸர் இப்படிப்பட்ட விஷயங்களில் ஆர்வம் உள்ளவர். அவரிடம் காட்டலாம் என்று ஒரு எண்ணம்.

தங்கள் அன்புத் தம்பி
ஜெயசீலன்

---

பசுமலை
30-7-1981

ஜெயசீலனுக்கு,

இன்று மத்தியானம் ஆசிரியைகள் அறையில் கணக்கு டீச்சர் ஒரு வாரப் பத்திரிகையை என் முன்னால் போட்டாள். "டீச்சர், ஒங்க வீட்டுல இருக்கே, அதே மாதிரி மதராஸ்ல ஒரு இஞ்சினியர் கண்டுபுடிச்சிருக்காரு பாருங்க" என்றாள். பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதும் உன் முகம். டை கட்டியிருக்கிறாய். "மூன்று ஆண்டு ஆராய்ச்சியின் பலனாக ஏழைகளுக்கு வெந்நீர் அடுப்பு – பொறியாளர் ஜே. ஜெயசீலனின் புதிய வடிவமைப்பு."

அவள் உன் பெயரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டேன். என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவில்லை.

நீ ஏப்ரலில் கேட்டாய் என்று ஆறு பக்கம் எழுதி அனுப்பினேனே, இரண்டு ராத்திரி உட்கார்ந்து. அதைப் பார்த்து எழுதியிருக்கிறாய், சரி. எழுதும்போது கொஞ்சமாவது மறைக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? "சேலைக் கொசுவம் போல நாலு விரல் இடைவெளி விட்டு" என்று அச்சில் இருக்கிறது. எந்த ஊர் இஞ்சினியர் கொசுவம் வைத்து அளக்கிறான்? நீ வாழ்நாளில் ஒரு கொசுவம் மடித்திருக்கிறாயா? அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அது என் வாயிலிருந்து வந்த சொல். என் இடுப்பிலிருந்து வந்த சொல்.

மூன்று ஆண்டு ஆராய்ச்சி என்கிறாய். சோணை கையில் வெல்டிங் பொறி பட்டுக் கொப்புளித்த தழும்பு இன்னும் மறையவில்லை. உன் அத்தான் மூச்சு வாங்க வாங்கச் செங்கல் எடுத்துக் கொடுத்தார். எங்கள் மூன்று பேரில் ஒருவர் பெயரைப் போட உனக்கு மை இல்லாமல் போய்விட்டதா?

எனக்குப் பத்திரிகையில் போட்டோ வேண்டாம். பெயர்கூட வேண்டாம் என்று நான் சொல்லியிருப்பேன், நீ கேட்டிருந்தால். நீ கேட்கவில்லை.

கிருபாவதி

---

மதராஸ்
11-8-1981

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் மிகவும் மனவருத்தம் தந்தது. சொந்தத் தம்பியை இப்படி எழுதலாமா?

தாங்கள் நினைப்பது போல் இல்லை. ஆபீஸரிடம் படத்தைக் காட்டினேன். அவரே பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று ஆண்டு என்பது அவர்கள் சேர்த்தது. தையல் டீச்சர் செய்தது என்று போட்டால் யார் நம்புவார்கள், அரசாங்கம் எப்படி அங்கீகரிக்கும் என்று அவர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யார் பெயரில் வந்தால் என்ன, ஜனங்களுக்கு நன்மைதானே? நம் குடும்பத்துக்குத்தானே பெருமை?

செல்வராணி தங்களுக்கு ஒரு காஞ்சிபுரம் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். கோபத்தை விட்டுவிடுங்கள்.

தங்கள் தம்பி
ஜெயசீலன்

---

மதராஸ்
5-10-1981

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அனுப்பிய சேலைப் பார்சலும் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. தபால்காரர் முன்னால் செல்வராணிக்கு மிகவும் அவமானம்.

இப்போது நான் ஒரு இக்கட்டில் இருக்கிறேன். பத்திரிகையில் பார்த்துவிட்டுப் பல ஊர்களில் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தண்ணீர் காயவில்லையாம். கடிதமாக வந்து குவிகிறது. "ஏமாற்றுக்காரன்" என்றுகூட ஒருவர் எழுதியிருக்கிறார். வெல்டிங் சரியில்லையா, கண்ணாடியா, பெயிண்டா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீஸர் தினமும் கேட்கிறார். தங்கள் வீட்டில் மட்டும் எப்படிக் காய்கிறது? தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

ஒரு கடிதம் திருமங்கலம் பக்கத்து நர்ஸ் ஒருவர் எழுதியது. தங்களுக்குப் பக்கம் என்பதால் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

ஜெயசீலன்

---

பசுமலை
19-10-1981

ஜெயசீலனுக்கு,

உனக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நர்ஸ் கடிதத்தைப் படித்த பிறகு இருக்க முடியவில்லை. உனக்காக அல்ல.

சனிக்கிழமை சோணையை அழைத்துக்கொண்டு திருமங்கலம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி. ஒற்றை அறைச் சுகாதார நிலையம். அந்த நர்ஸின் பெயர் முத்துத்தாய். முப்பது வயதுகூட இருக்காது. மாதம் ஏழெட்டுப் பிரசவம் பார்க்கிறாள். சுற்றிலும் கரிசல், ஒதுங்க மரமில்லை, விறகுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வெந்நீர் வைக்கச் சுள்ளி தேடி ஓடுவார்களாம். உன் கட்டுரையைப் படித்துவிட்டு, தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தைப் போட்டுத் தன் செலவில் செய்திருக்கிறாள். சர்க்கார் கட்டடத்தில் கண்டதையும் வைத்துவிட்டாள் என்று மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். ஊர்க்காரர்கள் அவளுக்கு 'சூரிய நர்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் யார் என்று சொல்லவில்லை. "பாக்கணும், மாடிக்குப் போகலாமா?" என்றேன். அவள் கோபமாகத்தான் கூட்டிப் போனாள். "பாருங்கம்மா. அந்த இஞ்சினியரு படத்துல எப்புடிப் போட்டுருக்காரோ அப்புடியே வச்சுருக்கேன். ஒரு நூல் மாறல. எம்புட்டுப் பேச்சு வாங்கிட்டேன் தெரியுமா" என்றாள்.

உண்மைதான். ஒரு நூல் மாறவில்லை. டிரம் தரையில் இருந்தது.

நானும் சோணையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்திரிகையை வாங்கிப் படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஜூலையில் உன் முகத்தைப் பார்த்த கோபத்தில் படத்தை நான் பார்க்கவே இல்லை. என் படத்தில் இருந்த செங்கல் தூணைக் காணோம். டிரம்மை அழகாகத் தரையில் இறக்கி, பக்கத்தில் ஒரு பூந்தொட்டியும் வரைந்திருக்கிறாய். ஆறு பக்கத்தில் அந்த ஒரு விஷயத்தை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். டிரம் பலகையைவிட உயரத்தில் இல்லாவிட்டால் தண்ணீர் காயாது. நான் மூன்று நாள் சோறில்லாமல் கற்றுக்கொண்டது அது.

ஜெயசீலா, நீ ஒரு தடவையாவது இதைச் செய்து பார்த்தாயா? ஒரு பைப்பைத் தொட்டாயா? திருடுகிறவன் முழுசாகத் திருடியிருக்கலாம். யாருக்காவது தண்ணீர் காய்ந்திருக்கும்.

அங்கேயே கல் சேர்த்துத் தூண் எழுப்பினோம். பக்கத்துக் கரிசல் காட்டில் உழவு வேலை செய்தவர்கள் இரண்டு பேர் வந்து டிரம்மைத் தூக்கிக் கொடுத்தார்கள். நல்லவேளை, அன்று மழை விட்டு வெயில் அடித்தது. மூன்றரை மணிக்கு முத்துத்தாய் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். உள்ளே போய், பிறந்து இரண்டு நாளான ஒரு பிள்ளையின் துணிகளை எடுத்து வந்து அந்தத் தண்ணீரில் அலச உட்கார்ந்துவிட்டாள். அலசிக்கொண்டே, "நீங்க யாரும்மா? இது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வது? என் தம்பிதான் உன்னை ஊர் சிரிக்க வைத்தான் என்றா? "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் சோணை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் உண்மையைச் சொல்லாததில் அவருக்கு என் மேலேயே கோபம்.

வந்த கடிதங்கள் அத்தனையையும் எனக்கு அனுப்பு. ஒன்றையும் கிழிக்காதே. பத்திரிகையில் உண்மையை எழுது.

கிருபாவதி

---

மதராஸ்
9-11-1981

அன்புள்ள அக்காவுக்கு,

முன்பு அனுப்பிய நர்ஸ் கடிதம் போக, மீதி நாற்பது கடிதங்களையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

தங்களிடம் மறைத்து என்ன பயன். செங்கல் தூண் படத்தில் அசிங்கமாக இருக்கிறது, ஏழை வீடு மாதிரி இருக்கிறது என்று ஆபீஸர் சொன்னார். இறக்கி வரைந்தேன். அதனால் இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. தங்கள் அடிக்கோட்டைப் பார்த்தேன். தாங்கள் எதையும் கொஞ்சம் அழுத்தித்தான் எழுதுவீர்கள் என்று விட்டுவிட்டேன்.

பத்திரிகையிலும் திருத்தம் போட்டாகிவிட்டது. வெட்டி வைத்திருக்கிறேன், பாருங்கள். இதோடு மனஸ்தாபம் தீர வேண்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் அங்கே வர ஆசை.

தங்கள் தம்பி
ஜெயசீலன்

---

பசுமலை
29-11-1981

ஜெயசீலனுக்கு,

நீ வெட்டி அனுப்பியதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "அச்சுப் பிழை காரணமாகப் படத்தில் டிரம்மின் இடம் மாறிவிட்டது. வாசகர்கள் திருத்திக்கொள்ளவும் – ஜே. ஜெயசீலன், பி.இ."

அச்சுப் பிழையா? அச்சுக் கோத்தவன் என்ன பாவம் செய்தான்? அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும். முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பான். என்னிடமிருந்து எடுத்தாய். சரி, நான் உன் அக்கா. முகம் தெரியாத ஒருவன் தலையில் உன் தப்பை ஏற்றி வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது? இதை வாசித்தபோது உன் அத்தான்கூட, என்றைக்கும் உனக்காகப் பரிந்து பேசுகிறவர், "இவன் எதுக்கு இப்புடி ஆயிட்டான்?" என்று கேட்டார்.

நாற்பத்தொரு கடிதத்தையும் படித்தேன். தர்மபுரியில் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர். காரைக்குடியில் வாத நோயில் கிடக்கிற மாமனாருக்காக ஒரு மருமகள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு அம்மாள், எழுத்தே சரியாக வரவில்லை, "அய்யா எங்க தப்பு என்னான்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். தப்பு அவளுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் போல எத்தனை பேர் பதில் கேட்டுக்கூட எழுதாமல், தன் கைதான் ஆகாத கை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலைந்து கார்டாக எழுதினேன். நாற்பது பேருக்கும் எழுதியாகிவிட்டது. டிரம்மை எவ்வளவு உயர்த்த வேண்டும், மேல் குழாய் எங்கேயும் தொங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும், மழை நாளில் எதிர்பார்க்கக் கூடாது, எல்லாம் எழுதினேன். "இதை முதலில் செய்தது நான். படத்தில் டிரம்மை இறக்கியது அச்சுப் பிழை அல்ல, வரைந்தவருக்குத் தெரியாததால் வந்த பிழை. உங்கள் கையில் தப்பில்லை" என்றும் எழுதினேன். கீழே என் பெயரும் விலாசமும். அந்த இஞ்சினியர் எனக்கு என்ன உறவு என்று எழுதவில்லை. அதற்குக் கை வரவில்லை.

முத்துத்தாய்க்கு மட்டும் எழுதவில்லை. அவளுக்கு நீ எழுத வேண்டும். யார் செய்தது, யார் கெடுத்தது, இரண்டையும் உன் கையெழுத்தில் எழுது. அவள் அதைத் தன் மேலதிகாரியிடம் காட்டிக்கொள்ளட்டும்.

எழுதினால் கிறிஸ்துமஸுக்கு வா. பிள்ளைகளைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எழுத முடியாதென்றால் இந்த வருஷம் வர வேண்டாம். இதை எழுதிவிட்டு நான் நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்காதே.

கிருபாவதி

---

மதராஸ்
9-12-1981

அக்காவுக்கு,

முத்துத்தாய் அவர்களுக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். ஒரு பக்கக் கடிதம்தான். எழுத ஒரு வாரம் ஆயிற்று. முதலில் எழுதியதில் ஆபீஸரைக் குற்றம் சொல்லியிருந்தேன். கிழித்துவிட்டேன். அடுத்ததில் சூழ்நிலையைக் குற்றம் சொல்லியிருந்தேன். அதைச் செல்வராணி படித்துவிட்டு, "இதை அனுப்புறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம்" என்றாள். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: இதைச் செய்தவர் பசுமலையில் இருக்கும் என் அக்கா, உங்கள் ஊருக்கு வந்து தூண் கட்டிக் கொடுத்தவரும் அவரே. அவர் எழுதியதைப் பார்த்தும் மாற்றி வரைந்தது நான். நான் இதுவரை ஒன்றுகூடச் செய்து பார்த்ததில்லை.

அதன் நகலை ஆபீஸரிடமும் கொடுத்தேன். படித்தார். "இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டு, ஃபைலில் வைத்துக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன். போடுவார்களா, தெரியாது. அச்சாபீஸுக்குப் போய் அச்சுக் கோத்தவரைப் பார்த்தேன். அவர் பெயர் கோதண்டம். அவருக்கு அந்தத் திருத்தம் ஞாபகமே இல்லை. ஞாபகப்படுத்திச் சொன்னேன். "பரவால்ல சார், எங்களுக்கு இது பழக்கம்" என்றார். அதைக் கேட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தாங்கள் சொல்லாமல் டிக்கெட் எடுக்க மாட்டேன்.

ஜெயசீலன்

---

பசுமலை
15-12-1981

தம்பி ஜெயசீலனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்கு முந்தின நாளே முத்துத்தாய் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கதானா அது? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்று என்னைத்தான் சண்டை பிடித்தாள். உன்னைப் பாவம் என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, நேரில் வரும்போது நீ அதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

டிக்கெட் எடு. இருபத்துநாலாம் தேதி காலை பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு உன் அத்தான் ஸ்டேஷனுக்கு வருவார். நான் வர முடியாது. அன்றைக்குச் செல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டு மாடியில் எனக்கும் சோணைக்கும் டிரம் ஏற்றும் வேலை இருக்கிறது. செல்வராணியையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டு நீ நேரே அங்கே வா. வழி அத்தானுக்குத் தெரியும். பழைய சட்டை ஒன்று எடுத்து வா. தூக்குவதற்கு ஒரு ஆள் குறைகிறது.

அக்கா